படுக்கையருகே ஒரு கணினி

முதுகுத் தண்டில் அடிபட்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஒருவர்முன் கணினியைக் கொண்டுபோய் வைப்பது, பசித்தவன்முன் பஞ்சாங்கத்தை விரிப்பது போன்ற செயல் என்று நேயர்களுள் சிலர் கருதக்கூடும். காலை அசைக்க இயலாதவருக்கும் விரலை மடக்க இயலாதவருக்கும் இந்தப் பொறியால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பது நியாயந்தான். அக்கேள்விக்கு விடை காண, நோயாளியின் நிலையை முதலில் அருகிருந்து பார்த்தல் வேண்டும்.

ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து தில்லிக்கு வந்து கட்டட வேலை செய்துவரும் முப்பது வயதுத் தமிழர். சாரத்திலிருந்து தவறி விழுகிறார்; கழுத்தெலும்பு முறிகிறது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்து முடிகிறது. ஆயினும் கைவிரல்களும் கால்களும் அசையவில்லை. மருத்துவர் காலையில் வந்து இந்தியில் நான்கு சொற்கள் கூறிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். அந்த நான்கு சொற்களின் பொருளைத் தம் மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் இவர் தெரிந்துகொள்கிறார். மீண்டும் நடக்க முடியுமா, சிறுநீர் எப்படிப் போகும், பிள்ளை பெற முடியுமா, மூன்றாம் மாடியில் உள்ள வாடகை அறைக்கு எப்படித் திரும்புவது, மேஸ்திரி வைத்திருக்கும் கூலிப் பாக்கி கிடைக்குமா என்று நூறு கேள்விகள் நெஞ்சில் எழுகின்றன. கேட்பதற்கு ஆளில்லை, ஆளிருந்தாலும் மொழியில்லை. பிற மாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவருக்கு வேண்டுவன இரண்டு. இயங்காத விரலுக்கு மாற்றாக ஒரு கருவி ஒன்று. தம்மைப் போலவே அடிபட்டுப் பத்தாண்டு வாழ்ந்து காட்டிய ஒருவரின் பேச்சு மற்றொன்று. கணினி இவ்விரண்டையும் ஒரே மேசைமீது கொண்டுவந்து வைக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இடையே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ரீஹாபிலிட்டேஷன்' என வழங்குவதை நாம் 'மறுவாழ்வு' என்று மொழிபெயர்த்து வழக்காக்கிவிட்டோம். அகதிகளைக் குடியேற்றுவதற்கும் அதே சொல், குடிப்பழக்கத்திலிருந்து மீட்பதற்கும் அதே சொல், கழுத்து முறிந்தவருக்குக் கரண்டி பிடிக்கக் கற்பிப்பதற்கும் அதே சொல். இலத்தீன் வேரை நோக்கின், மீண்டும் தகுதியுடையவர் ஆக்குதல் என்பதே அதன் கருத்து. 'மறுவாழ்வு' என்றவுடன் முந்தைய வாழ்வு முடிந்துபோயிற்று என்ற தொனி வந்துவிடுகிறது. நோயாளியின் செவியில் அது நன்றாக ஒலிப்பதில்லை. வேறு சொல் நிலைபெறும்வரை இதனையே ஆளுகின்றோம். மீளப் பழக்குதல் என்னும் பொருளிலேயே ஆளுகின்றோம் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இனிக் கருவிக்கு வருவோம். கழுத்துப் பகுதியில் எட்டு இணை நரம்புகள் தண்டுவடத்திலிருந்து கிளைக்கின்றன. எத்தனையாம் நரம்பின் மட்டத்தில் அடிபட்டது என்பதைப் பொறுத்தே கையில் மிச்சமிருக்கும் ஆற்றல் அமையும். நான்காம் நரம்பு மட்டத்தோடு இயக்கம் நின்றுவிட்டால் தோளைத் தூக்கலாம், கை அசையாது. ஐந்தாம் நரம்பும் தப்பியிருந்தால் முழங்கையை மடக்கலாம், மணிக்கட்டு தொங்கும். ஆறாவதும் தப்பியிருப்பின் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தலாம். அவ்வாறு நிமிர்த்தும்போது விரல்கள் தாமாகவே சற்று மடங்கி, ஒரு காகிதத்தையோ கரண்டியையோ பற்றும் அளவுக்கு நெருங்கும். இயற்கை விட்டுவைத்த இந்தச் சிறு பிடியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே, விரல்களை எப்போதும் முழுதும் நீட்டி இழுத்துப் பயிற்சி தர வேண்டாம் என்று சிகிச்சையாளர் கூறுவர். ஏழாம் நரம்பு முழங்கையை நீட்ட உதவும். எட்டாவது விரல்களை மடக்க உதவும்.

எந்த நோயாளிக்கு எந்தக் கருவி என்பது இதிலிருந்தே பிறக்கும். தோள் மட்டும் இயங்குபவர் வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு விசைகளைத் தட்டலாம். தலையசைவைக் கணினியின் கண்ணாகிய கேமரா கண்டு திரையிலுள்ள அம்புக்குறியை நகர்த்துமாறும் செய்யலாம். முழங்கையை மடக்கக்கூடியவருக்கு மணிக்கட்டைத் தாங்கும் பட்டையும், உள்ளங்கையைச் சுற்றி அணியும் வார் ஒன்றும் வேண்டும். அந்த வாரிலுள்ள பையில் ஒரு பென்சிலைத் தலைகீழாகச் செருகினால், அதன் ரப்பர் முனையே அவருக்கு விரலாகிவிடுகிறது. இதற்கு ஆகும் செலவு தையற்காரர் கூலியும் ஒரு பென்சில் விலையுமே. விலையுயர்ந்த கருவியே உயர்ந்தது என்னும் எண்ணம் நம்மவரிடம் உண்டு. இத்துறையில் அது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது.

ஒரே குச்சியால் தட்டுபவர், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது எப்படி? இந்த இடர்ப்பாட்டை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிலையம் ஒன்று பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து, ஒரு விசையை அழுத்தி விட்டுவிட்டாலும் அடுத்த விசை வரும்வரை அது அழுந்தியிருப்பதாகவே கணினி கொள்ளும் முறையை வகுத்தது. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் கணினிகளிலேயே அது சேர்க்கப்பட்டது. இன்றும் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால், அம்முறையை இயக்கவா என்று கணினி நம்மிடம் கேட்கும். நம்மில் பலர் அக்கேள்வியைத் தொல்லை என்றெண்ணி மூடியிருப்போம். யாருக்காக அது அங்கே இருக்கிறது என்பது இப்போது விளங்கும். கை நடுக்கமுடையவருக்காக, ஒரே விசை பலமுறை பட்டாலும் ஒருமுறையாகவே கொள்ளும் ஏற்பாடும் அங்கேயே உண்டு.

தமிழில் எழுதுவது எவ்வாறு என்பது அடுத்த கேள்வி. ஆங்கில எழுத்துக்களைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையே நம்மிடையே மிகுதியாகப் பரவியுள்ளது. விரல்கள் பத்தும் இயங்குபவருக்கு அது பெரிய சுமையன்று. குச்சியால் தட்டுபவருக்கோ ஒவ்வொரு தட்டும் கழுத்தின் உழைப்பு. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இங்கே கைகொடுக்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆக முப்பத்தோரு விசைகளில் தமிழ் எழுத்துக்கள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். ஒரே மெய் இரட்டித்து வருகையில் முதலெழுத்தின்மேல் புள்ளியைக் கணினி தானே இட்டுக்கொள்ளும். தமிழ்ச் சொற்களுக்கு ஷிஃப்ட் விசையின் தேவையும் அரிது. கற்க ஓரிரு வாரம் பிடிக்கலாம். கற்றபின் ஒரு பக்கக் கடிதத்தில் மிச்சமாகும் தட்டுகள் பல. மருத்துவமனையில் யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. தமிழ் அறிந்த உறவினரோ, ஊர்ச் சங்கத்து நண்பரோதான் செய்ய வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் வழி இல்லாமற் போகவில்லை. 2017 முதல் கைப்பேசியில் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி பரவலாகக் கிடைக்கிறது. குரலையே அப்படியே பதிந்து அனுப்புவது இன்னும் எளிது. கழுத்து மட்டத்தில் அடிபட்டவருக்கு மூச்சின் வலிமை குறைந்திருக்கும் ஆதலால் குரல் மெலிந்து ஒலிக்கும். ஒலிவாங்கியை வாயருகே வைத்தல் நலம். பக்கவாதத்தால் சொல் வராமல் தவிப்பவருக்கோ இம்முறை உதவாது. படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் செயலிகள் அவர்க்கு வேண்டும். பேச இயலாத குழந்தைகளுக்காகச் சென்னையில் உருவாக்கப்பட்ட 'ஆவாஸ்' இவ்வகையைச் சேர்ந்தது. பார்வை இழந்தவர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் 'என்.வி.டி.ஏ.' என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. 2006-இல் அதனைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமே பார்வையற்ற இளைஞர் ஒருவர்.

கருவி ஆயிற்று, அதனை நோயாளியிடம் எப்போது, எவ்வாறு கொண்டுசெல்வது? அவசரப்படலாகாது. படுத்தே கிடந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்தால் முதல் நாட்களில் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கண் இருளும். உட்காரப் பழகிய பின்னரே மேசை. முதற்பாடம் கால்மணி நேரத்தை மிஞ்ச வேண்டா. 'அ, ஆ அடித்துப் பழகுங்கள்' என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் தொடங்குவது பெரும் பிழை. அவர் மனம் எதில் இருக்கிறதோ அதிலேயே தொடங்க வேண்டும்: ஊரிலுள்ள தாயின் முகம், மகளின் பள்ளிப் புகைப்படம், கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கு, மேஸ்திரிக்கு ஒரு கடிதம். தாமே ஒரு சொல்லைத் தட்டி, அது மறுமுனையில் படிக்கப்பட்டது என்று காணும் கணத்தில், விபத்து நடந்த நாள்முதல் பிறர் கையையே எதிர்பார்த்திருந்தவர் தாமாக ஒன்றைச் செய்துமுடித்தவர் ஆகிறார்.

வீட்டாருக்கு இங்கே ஒரு வேண்டுகோள். நோயாளி ஒரு விசையைத் தேடிக் குச்சியை நகர்த்திக்கொண்டிருக்கையில், பக்கத்தில் நிற்கும் மைத்துனர் பொறுமையிழந்து, 'விடுங்க மாமா, நான் அடிச்சுத் தரேன்' என்று கையை நீட்டிவிடுவார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த ஒரு செயலால் அன்றைய பாடம் பாழாகிவிடும். மைத்துனரைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுவது நல்லது.

ஆபத்து ஒன்றும் உண்டு. உணர்ச்சியற்ற உடம்பினர் ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தால், உட்காரும் இடத்துத் தசை நசுங்கி, வலி தெரியாமலேயே புண்ணாகும். படுக்கைப் புண் எலும்புவரை சென்று, நஞ்சு இரத்தத்தில் கலந்து உயிரைக் குடித்ததும் உண்டு. ஆகவே சக்கர நாற்காலியில் இருப்பவர் கால்மணியிலிருந்து அரைமணிக்கு ஒருமுறையாவது உடலைத் தூக்கியோ, முன்புறமும் பக்கவாட்டிலும் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும் என்பது விதி. கணினி சுவைக்கத் தொடங்கியவர் இதனை மறந்துவிடுவார். இரண்டு மணி நேரம் இரண்டு நிமிடமாகப் போகும். எனவே கணினியிலேயே அரைமணிக்கு ஒருமுறை மணியடிக்கும்படி அமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற எதையும் கற்பிக்க வேண்டும்.

இனி இரண்டாவது தேவை. அடிபட்டவர்க்கு அடிபட்டவரே துணை என்பது கணினியோடு வந்த புதுக்கருத்தன்று. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லூட்விக் குட்மன் என்னும் மருத்துவர் முதுகுத் தண்டு நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். சில மாதங்களில் இறந்துவிடுவர் என்று கைவிடப்பட்ட வீரர்களை ஒரே கூடத்தில் வைத்துப் பணியிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்தினார். நம் நாட்டில் வேலூரில் 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அங்கு 1966-இல் மறுவாழ்வு நிலையம் ஒன்று எழுவதற்குக் காரணமானார். 1965-இல் எவரெஸ்டு உச்சியைத் தொட்ட மேஜர் அலுவாலியா, அதே ஆண்டுப் போரில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். ஸ்டோக் மாண்டவில்லில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவரே பிற்காலத்தில் தில்லி வசந்த் குஞ்ஜில் முதுகுத் தண்டுக் காயங்களுக்கான மருத்துவமனையை நிறுவினார். 1975-இல் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் மூவரும் தாம் பட்ட காயத்திலிருந்தே நிறுவனத்தை எழுப்பியவர்கள்.

ஆனால் எல்லாரும் வேலூருக்கோ ஆய்க்குடிக்கோ சென்று தங்க இயலாது. சூரத்திலோ ஜாம்ஷெட்பூரிலோ ஒரு தெருவில், தம்மையொத்த காயமுடைய தமிழர் இன்னொருவர் இருப்பது அரிது. அரிதான துன்பம் உடையவர் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பர். இணையம் அவர்களை ஓரிடத்தில் கூட்டுகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டுவட ஆராய்ச்சியாளர் வைஸ் யங், இத்தகைய நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிப் பேசும் இணையக் கூடம் ஒன்றை நடத்தினார். அனுபவமிக்க செவிலியரும் அங்கு விடையளித்துவந்தனர். இன்று நம்மவர் கைப்பேசிகளில் உள்ள வாட்ஸ்அப் குழுக்கள் அதே வேலையைத் தமிழிலும் இந்தியிலும் செய்யக்கூடியவை.

அங்கு என்ன பேசுகிறார்கள்? மருத்துவர் நேரமின்மையால் கூறாதவற்றையும், நோயாளி நாணத்தால் கேளாதவற்றையும் பேசுகிறார்கள். இரயிலில் முப்பது மணி நேரப் பயணத்தில் சிறுநீர்க் குழாயை எங்கே மாற்றுவது? மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத வாடகை வீட்டில் நாற்காலியில் எவ்வாறு துளையிட்டுக்கொள்வது? தில்லிக் குளிரில் உணர்ச்சியற்ற காலருகே சுடுநீர்ப் பை வைக்கலாமா? வைக்கலாகாது, தோல் வெந்துபோவது தெரியாது. இவை சிறு செய்திகள்தாம். ஆனால் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வருவாரா, சுவரைப் பார்த்தபடி கிடப்பாரா என்பதை முடிவு செய்பவையும் இவையே.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். மாமனாரும் கொழுந்தனும் நிற்கும் பொது வார்டில், 'எனக்கு இனிக் குழந்தை பிறக்குமா?' என்று ஓர் இளம்பெண் எப்படிக் கேட்பாள்? கேளாமலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறாள்; சில குடும்பங்கள் அவளுக்கு முன்பே முடிவு கட்டிவிடுகின்றன. தண்டுவடக் காயமுற்ற பெண்களுக்குச் சில மாதங்களில் மாதவிலக்கு பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதும், தக்க மருத்துவக் கவனிப்புடன் அவர்கள் கருவுற்றுப் பிள்ளை பெறலாம் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மைகள். அதனை, சக்கர நாற்காலியில் அமர்ந்து மடியில் பிள்ளையை வைத்திருக்கும் இன்னொரு பெண்ணின் வாயிலிருந்து கேட்பது வேறு. அச்சிட்ட தாளில் படிப்பது வேறு.

குழுவில் சேர்ந்தவுடன் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. பல வாரம் பிறர் பேசுவதைப் படித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டோ இருப்பவர் பலர். அவர்களும் பயன் பெறுகிறார்கள். 'நீயும் ஏதாவது எழுது' என்று வற்புறுத்துவதைத் தவிர்க்கலாம்.

இக்குழுக்களின் ஆற்றலையும் அவற்றின் எல்லையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று உண்டு. ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தாக்கிய வகையைச் சேர்ந்த ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய், அமெரிக்காவில் ஸ்டீபன் ஹேவுட் என்னும் இளைஞருக்கு இருப்பதாக 1998-இல் கண்டறியப்பட்டது. அவருடைய சகோதரர்கள் 2004-இல் 'பேஷண்ட்ஸ்லைக்மீ' என்னும் இணையக் கூட்டமைப்பைத் தொடங்கினர். நோயாளிகள் தம் நிலையை எண்களாகப் பதிந்து ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக்கொள்ள அதில் இடமிருந்தது. 2008-இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், லித்தியம் என்னும் மருந்து இந்நோயின் வேகத்தைத் தணிப்பதாக வெளியிட்டனர். செய்தி பரவியது, நோயாளிகள் பலர் தம் மருத்துவரைக் கேட்டு லித்தியம் உட்கொள்ளத் தொடங்கினர். உட்கொண்டவர்கள் தம் நிலையைத் தவறாது பதிந்தும் வந்தனர். அவர்களுள் 149 பேரின் பதிவுகளை, அதே நிலையிலிருந்து மருந்து உட்கொள்ளாத பிறரின் பதிவுகளோடு ஒப்பிட்டு, லித்தியத்தால் பயனில்லை என்னும் முடிவு 2011-இல் அறிவியல் இதழில் வெளியாயிற்று. முறையான மருத்துவச் சோதனைகளும் அதனையே உறுதிப்படுத்தின. ஒரு வதந்திக்குப் பின்னே கூட்டமாக ஓடவும், அது பொய்யென்று ஒழுங்காகக் கணக்கெழுதிக் கண்டுபிடிக்கவும் ஒரே கூட்டத்தாரால் முடிந்தது. கணக்கெழுதும் ஒழுங்கு இல்லாத இடத்தில் ஓட்டம் மட்டுமே மிஞ்சும்.

நம் நாட்டில் அந்த ஓட்டத்துக்கு இன்று வழங்கும் பெயர் 'ஸ்டெம் செல் சிகிச்சை'. ஊரில் காணியை விற்று, பல இலட்சம் கட்டி, ஊசி போட்டுக்கொண்டு, மாற்றம் ஏதுமின்றித் திரும்பும் குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். இரத்த நோய்கள் முதலிய சிலவற்றுக்குரிய எலும்பு மச்சை மாற்று போன்ற ஏற்கப்பட்ட முறைகள் நீங்கலாக, ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்பது கூடாது, அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கலாகாது. எனவே குழுவில் எவரேனும் ஒரு சிகிச்சையைப் புகழ்ந்து அதன் விலையையும் கூறினால், அந்த விலையே அது எத்தகையது என்பதற்குச் சான்று.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. தண்டுவடம் முழுதும் அறுபட்ட நிலை வேறு. சில இழைகள் தப்பிய நிலை வேறு. இரண்டாம் வகையினர் ஆறு மாதத்தில் ஊன்றுகோலுடன் நடந்து அதனைப் படமெடுத்து அனுப்புவர். முதல் வகையினர் அதனைப் பார்த்து, தம் முயற்சியில்தான் குறையென்று நொந்துபோவர். குறை முயற்சியில் இல்லை, காயத்தில் இருக்கிறது. இதனைக் கணினியை அறிமுகப்படுத்தும் நாளிலேயே நோயாளிக்குத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபென் போன்ற மாத்திரைகளை, 'நான் நிறுத்திவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று ஒருவர் கூறக்கேட்டு மற்றொருவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வங்கிக் கணக்கு, ஆதார் எண், மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் படம் ஆகியவற்றைக் குழுவில் இடுதல் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் குழுவில் வெளியிட்டால், ஆறுதல் மொழியோடு நின்றுவிடாமல் வீட்டாருக்குத் தெரிவிப்பதும், 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணை அழைக்கச் செய்வதும் கடமை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இந்த இலவசச் சேவையில் இரவும் பகலும் தமிழிலும் பேசலாம்.

நேயர்களுள் மத்திய அரசு ஊழியர் பலர் இருப்பர். அவர்கள் அறிய வேண்டிய சட்டச் செய்தி ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசுப் பணியில் இருக்கையில் உடற்குறை உற்றவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாது என்கிறது. பழைய பணிக்கு ஒவ்வாதவராயின் அதே ஊதியமுடைய வேறு பணி தரவேண்டும். அத்தகைய இடம் இல்லையெனில் கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். இச்சட்டம் அறியாமல் தாமாகவே விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பித்துவிடுவோர் உளர். கையெழுத்திடுமுன் சற்றே நில்லுங்கள். கோப்புகள் கணினிக்கு வந்துவிட்ட இக்காலத்தில், குச்சியால் தட்டக் கற்றவர் செய்யக்கூடிய அலுவலகப் பணி எத்தனையோ. மேலும், மாற்றுத்திறனாளிகள் மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது.

எங்கே செல்வது என்று கேட்போருக்கு: தில்லியில் மேற்கூறிய வசந்த் குஞ்ஜ் மருத்துவமனை, மும்பையில் ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம், கொல்கத்தாவில் பான்ஹூக்ளியில் உள்ள தேசிய நிலையம். இவ்விடங்களில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். கைக்கு எந்த வார், எந்தக் குச்சி என்று அளந்து சொல்பவர் அவர்களே.

இறுதியாக, நோயாளி தம் கணினியில் எழுதவேண்டிய முதல் ஆவணம் பற்றி. மார்பின் மேற்பகுதியில் ஆறாம் நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத் திடீரென இரத்த அழுத்தம் ஏறும் அபாயம் வாழ்நாள் முழுவதும் உண்டு. பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிறைந்துவிடுவதோ குழாய் அடைபடுவதோ காரணமாகும். தலை பிளப்பதுபோல் வலிக்கும். முகம் சிவந்து வியர்க்கும். கவனியாவிடில் மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கலாம். இவர்களுடைய வழக்கமான அழுத்தம் 90 அல்லது 100 என்னும் அளவிலேயே இருப்பதால், 140 என்று காட்டினால் அவசரப் பிரிவில் உள்ள மருத்துவர் அதைப் பெரிதாகக் கொள்ளாமற் போகலாம். தலைவலி என்று படுக்கவைத்தும் விடலாம். படுக்கவைப்பது தவறு, நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடனே சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும்.

இதனை ஓர் அட்டையளவில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். நோயாளியின் பெயர், காயத்தின் மட்டம், வழக்கமான இரத்த அழுத்தம், மேற்கூறிய நான்கு செயல்கள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவை போதும். மருத்துவருக்காக ஆங்கிலத்திலும், வண்டியோட்டிக்கும் அண்டை வீட்டாருக்குமாக அந்தந்த மாநில மொழியிலும், மனைவிக்காகத் தமிழிலும் எழுதுக. தமிழ்ப் படியை நோயாளி தம் குச்சியாலேயே தட்டட்டும். மற்ற இரண்டையும் சிகிச்சையாளரிடம் காட்டிச் சரிபார்த்து, ஒரு படியை நாற்காலியின் முதுகுப் பையிலும் வைத்துவிடுக.